தறிக்காரரும் தொண்ணூற்றேழாவது திருத்தமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. தறியை நம்பி வாழும் ஊர்களில் அதுவும் ஒன்று. அவ்வூரில் தறிக்குழியில் கால் இட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று, "ஐயா! இந்திய அரசியல் சட்டத்தின் 368-ஆம் ஷரத்தைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நாடாவை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பாவு வந்தால் நெய்கிறேன், கூலி வந்தால் அடுப்பு எரிகிறது" என்பார்.

அவர் சொல்வது நியாயந்தான் என்று நேயர்களில் பலருக்கும் தோன்றலாம். அரசியல் சட்டம் என்பது டில்லியில் உள்ளவர்களுக்கும், கறுப்பு அங்கி அணிந்த வக்கீல்களுக்கும் உரிய விஷயம் என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். ஆனால் உண்மை வேறு. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஓர் அரசியல் சட்டத் திருத்தம் இந்தத் தறிக்காரருக்குப் புதிதாக ஓர் அடிப்படை உரிமையை அளித்தது. அதனுடன் சேர்த்து வேறு பல பாதுகாப்புக்களையும் அளித்தது. பத்து ஆண்டு நிறைவதற்குள், அந்தப் பாதுகாப்புக்களில் மிகப் பெரும் பகுதி அவரைப் பொறுத்தவரை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. கொடுத்தது எது, போனது எது, ஏன் போயிற்று, இப்போது கையில் எஞ்சியிருப்பது என்ன என்பவற்றைப் பிரஜைகள் யாவரும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இந்தக் கதை தறியோடு முடிகிற கதையன்று.

முதலாளியும் சங்கமும்

பட்டுப் புடவை ஒன்று நெய்வதற்குத் தறியும் கைத்திறனும் மட்டும் போதா. பட்டு நூல் வேண்டும், ஜரிகை வேண்டும். பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இரண்டும் விலை உயர்ந்த சரக்குகள். இவற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கி நெய்து, புடவை விற்றுப் பணம் கைக்கு வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய நெசவாளர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் ஒரு முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் பெற்று, நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலாளியிடம் முன்பணம். பிரசவம் என்றால் முன்பணம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்றால் அப்போதும் முன்பணம். வாங்கிய கடன் தீரும்வரை வேறோர் இடத்துக்கு நெய்ய முடியாது. கூலி போதவில்லை என்று சொல்வதற்கும் நா எழாது. முதலாளி தயாள குணமுள்ளவராயிருந்தால் நல்ல காலம்; இல்லாவிட்டால் தலைவிதி.

இந்தத் தலைவிதியை மாற்றுவதற்கு ஏற்பட்ட உபாயந்தான் கூட்டுறவு சங்கம். நெசவாளர்கள் பலர் ஆளுக்கு ஒரு பங்காகச் சிறு தொகை செலுத்தி ஒரு சங்கத்தை அமைத்துக் கொள்கிறார்கள். சங்கம் மொத்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கி அங்கத்தினர்களுக்குக் கொடுக்கிறது, நெய்து வந்த புடவையைப் பெற்றுக்கொண்டு கூலி தருகிறது, புடவையை விற்கிறது, இலாபம் வந்தால் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குத்தான். நூறு ரூபாய் வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்குத்தான். பணத்துக்கு வாக்கு இல்லை, மனிதருக்கே வாக்கு என்பது கூட்டுறவின் மூல தர்மம்.

இந்தத் தர்மத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களிலும் நெசவாளர்களே முன்னணியில் நின்றார்கள். இங்கிலாந்தில் லங்காஷயரிலுள்ள ராச்டேல் என்னும் ஊரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் கம்பளி நெசவாளர்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியுந்தான் அவர்கள் கடையில் இருந்த சரக்கு. ஊர்க்காரர்கள் பரிகசித்தார்கள். ஆனால் அந்தக் கடையின் விதிகளையே உலகமெங்கும் கூட்டுறவு ஸ்தாபனங்கள் பின்பற்றலாயின.

நம் தமிழ் நாடும் இந்த இயக்கத்தில் பின்தங்கியதன்று. சென்னை மாகாண சர்க்காருக்காகப் பிரெடரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் எழுதிய அறிக்கைகளே இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு வழி கோலின. 1904-ஆம் ஆண்டு முதற் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நகரத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று இந்தியாவிலேயே முதன்முதலாகப் பதிவாயிற்று. எந்த நகரத்தில் தெரியுமா? பம்பாயிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. காஞ்சிபுரத்தில்! கைத்தறித் துணியை ஊரூராக விற்பதற்கென்று நெசவாளர் சங்கங்களுக்கெல்லாம் தலைமைச் சங்கமாகிய 'கோ-ஆப்டெக்ஸ்' 1935-இல் தோன்றியது. ஆகவே தறிக்கும் கூட்டுறவுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று.

நாற்காலியில் யார்?

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் குறை எங்கே புகுந்தது? நாற்காலியில் புகுந்தது.

சங்கத்தை நிர்வகிக்க வேண்டியவர்கள் அங்கத்தினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த டைரக்டர்கள். ஆனால் கூட்டுறவுச் சட்டங்களில், நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டுத் தனி அதிகாரியை நியமிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு. சங்கத்தில் பணம் கையாடப்பட்டால், அல்லது நிர்வாகம் சீர்குலைந்தால், இந்த அதிகாரம் தேவைதான். ஆபத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. மருந்தே அன்றாட ஆகாரமாகி விட்டால் உடம்பு என்ன ஆகும்? தமிழ் நாட்டில் 1996-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு நீண்ட காலம் சங்கங்கள் தனி அதிகாரிகளின் கையில் இருந்தன. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களும் 2001-இல் பதவி இழந்தன. மீண்டும் தனி அதிகாரிகள் வந்தார்கள். ஆட்சி செய்யும் கட்சி மாறும்போதெல்லாம் சங்கத்து நாற்காலியும் ஆட்டம் காண்பது வழக்கமாயிற்று. நம் ராஜ்யத்தில் மட்டுமல்ல, இந்தியாவின் வேறு பல ராஜ்யங்களிலும் இதே கதைதான்.

தனி அதிகாரிகளில் திறமைசாலிகளும் நேர்மையாளரும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விஷயம் அதுவன்று. பட்டு விலை ஏறியபோது கூலியை எவ்வளவு உயர்த்துவது, விற்காமல் தேங்கிய புடவைகளை என்ன செய்வது, தீபாவளிக்கு முன் போனஸ் கொடுப்பதா, கடனை முதலில் அடைப்பதா என்ற கேள்விகளுக்கு விடை சொல்கிறவர் யார்? தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டிய ஒருவரா, மாற்றல் உத்தரவு வந்தால் வேறு ஜில்லாவுக்குப் போய்விடுகிற ஒருவரா? நெசவாளர் முதலாளியின் திண்ணையிலிருந்து எழுந்து சங்கத்துக்கு வந்ததே தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையினால் அல்லவா? அங்கும் அவர் கை கட்டி நிற்பதென்றால், திண்ணை மாறியதே தவிர நிலை மாறவில்லை என்று தான் சொல்ல வேண்டும்.

திருத்தம் என்னும் இருமுனைக் கத்தி

இங்கே அரசியல் சட்டம் குறுக்கிடுகிறது. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1950 ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், 19-ஆம் ஷரத்தில், பிரஜைகள் சங்கங்களும் தொழிற் சங்கங்களும் அமைக்கும் உரிமையை உறுதி செய்தது. அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா என்பதைச் சோதித்துப் பார்த்த வழக்கு சென்னையிலிருந்தே சென்றது. சென்னை சர்க்கார் 1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'மக்கள் கல்விச் சங்கம்' என்ற ஸ்தாபனத்தைச் சட்ட விரோதமானது என்று அறிவித்தார்கள். சங்கத்தின் காரியதரிசியும் பாரிஸ்டருமான வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். 1952 மார்ச்சு 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியும் சென்னைக்காரரே. நியாயஸ்தலத்தின் விசாரணைக்கு இடமின்றிச் சர்க்காரே ஒரு சங்கத்தைத் தடை செய்யலாம் என்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உரிமை எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதுமா? எழுதியதைத் திருத்தவும் அரசியல் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதுதான் நாம் முதலில் சொன்ன 368-ஆம் ஷரத்து. திருத்தத்தினால் உரிமை விரிவதும் உண்டு, சுருங்குவதும் உண்டு. முதல் திருத்தம் 1951 ஜூன் மாதத்திலேயே, அதாவது அரசியல் சட்டத்துக்கு ஒன்றரை வயது நிறைவதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கும் சென்னை வழக்குகளே முக்கிய காரணம். 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைச் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாதென்று தடுத்தது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1950-இல் சொல்லிற்று. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை சர்க்கார் உத்தரவும் செல்லாது என்று 1951 ஏப்ரலில் சொல்லிற்று. பார்லிமெண்டு உடனே அரசியல் சட்டத்தைத் திருத்தியது. ஒரே திருத்தத்தினால் பேச்சு சுதந்திரத்துக்குப் புதிய வரம்புகளும் ஏற்பட்டன. பிற்பட்ட வகுப்பாருக்குக் கல்வியில் விசேஷ ஏற்பாடு செய்யும் வழியும் திறந்தது.

பிறகு 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலையின்போது, நாற்பத்திரண்டாவது திருத்தம் வந்தது. பார்லிமெண்டு செய்யும் எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்கக்கூடாது என்றே அதில் எழுதி வைத்தார்கள். ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைத் திருத்தத்தினாலும் அழிக்க முடியாது என்று 1973-ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தத்துவத்தைக் கொண்டு, கேள்வி கேட்கக்கூடாது என்ற வாசகம் 1980-இல் ரத்தாயிற்று. அதற்கு முன்பே, 1978-ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை அமுல் நடத்தக் கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது என்று செய்தது. அதே திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து எடுத்தும் விட்டது. ஒரு கையால் கொடுப்பதும் மறு கையால் எடுப்பதும் திருத்தங்களின் சரித்திரத்தில் சகஜம்.

தறியையே தொட்ட ஒரு திருத்தமும் உண்டு. காஞ்சிப் பட்டின் பெருமைகளில் ஒன்று கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகத் தனித்தனி நாடா கொண்டு நெய்து கோப்பது. அதற்குத் தறியில் துணையாள் ஒருவர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய சிறுவர் சிறுமியர் அந்தத் துணையாட்களாக உட்கார்ந்த காலம் நெடுங்காலம். ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய எண்பத்தாறாவது திருத்தம் 2002-இல் நிறைவேறி, 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தறிமேடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சென்ற குழந்தைக்கு அரசியல் சட்டத்தின் எண் தெரிந்திராது. ஆனால் அது அந்தக் குழந்தையின் பக்கம் நின்றது.

இரண்டு சொற்களும் ஒரு பகுதியும்

இந்த வரிசையில் வந்ததே தொண்ணூற்றேழாவது திருத்தம். 2012 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அத்திருத்தம் மூன்று காரியங்களைச் செய்தது.

முதலாவது, 19-ஆம் ஷரத்தில் சங்கங்கள், தொழிற் சங்கங்கள் என்று இருந்த இடத்தில் 'கூட்டுறவு சங்கங்கள்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. கூட்டுறவு சங்கம் அமைப்பது அதுவரை சர்க்கார் சட்டம் அளித்த சலுகைபோல் இருந்தது. அன்று முதல் அது பிரஜையின் அடிப்படை உரிமையாயிற்று.

இரண்டாவது, கூட்டுறவு சங்கங்கள் மக்களின் சுய விருப்பத்தால் அமையவும், சுதந்திரமாக இயங்கவும், ஜனநாயக முறையில் நடக்கவும் ராஜ்யம் ஊக்கமளிக்க வேண்டும் என்று 43-பி என்னும் ஷரத்தை வழிகாட்டும் கோட்பாடுகளில் சேர்த்தது.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. அரசியல் சட்டத்தில் 9-பி என்ற ஒரு தனிப் பகுதியையே புதிதாக அமைத்தது. நிர்வாகக் குழுவில் இருபத்தொரு டைரக்டர்களுக்கு மேல் கூடாது. பெண்களுக்கு இரண்டு இடமும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் ஒதுக்க வேண்டும். குழுவின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். பாங்கித் தொழில் செய்யாத சங்கத்தின் குழுவைக் கலைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நிலை நீடிக்கக் கூடாது. சர்க்கார் பங்கோ கடனோ உதவியோ உத்தரவாதமோ இல்லாத சங்கத்தின் குழுவைக் கலைக்கவே கூடாது. கணக்கு வருஷம் முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கை நடக்க வேண்டும். பேரவையும் கூட வேண்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க அங்கத்தினருக்கு வகை செய்யலாம். இவையெல்லாம் அந்தப் பகுதியில் கண்டவை.

நாற்காலியில் புகுந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான மருந்து ஏது? தமிழ் நாடும் தன் கூட்டுறவுச் சட்டத்தை இதற்கேற்பத் திருத்திற்று. கூட்டுறவுத் தேர்தலுக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது. 2013-இலும் 2018-இலும் ராஜ்யம் முழுவதும் சங்கத் தேர்தல்கள் நடந்தன. அவற்றைப் பற்றிப் புகார்களும் வழக்குகளும் எழாமல் இல்லை. ஆயினும், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வாக்குச் சீட்டு அங்கத்தினர் கைக்கு வரும் என்ற நியதி ஏற்பட்டதே பெரிய மாறுதல்.

கேட்க மறந்த கேள்வி

ஆனால் டில்லியில் ஒரு காரியத்தை மறந்துவிட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் பெரும்பாலான ஷரத்துக்களைப் பார்லிமெண்டின் இரு சபைகளும் விசேஷப் பெரும்பான்மையுடன் திருத்தலாம். ஆனால் ராஜ்யங்களின் அதிகாரத்தைத் தொடும் விஷயமானால் அதுமட்டும் போதாது. ராஜ்ய சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை தீர்மானம் போட்டுச் சம்மதம் அளிக்க வேண்டும். கூட்டுறவு சங்கமோ ராஜ்யங்களுக்கே உரிய விஷயம். அதிகாரப் பட்டியல்களில் இரண்டாவதில் முப்பத்திரண்டாவது இனமாக அது இருக்கிறது. தொண்ணூற்றேழாவது திருத்தத்துக்கு ராஜ்யங்களின் சம்மதம் கேட்கப்படவே இல்லை. இதே போன்ற பகுதிகளைச் சேர்த்துப் பஞ்சாயத்துக்களுக்கும் நகரசபைகளுக்கும் 1992-இல் திருத்தம் செய்தபோது முறைப்படி சம்மதம் பெற்றிருந்தார்கள். கூட்டுறவுக்கு மட்டும் குறுக்கு வழியில் போய்விட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்துக் கேட்டவர்கள் ராஜ்ய சர்க்கார்கள் அல்ல. குஜராத்தில் ஒரு பிரஜை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 2013 ஏப்ரலில் குஜராத் ஹைக்கோர்ட் 9-பி பகுதி செல்லாது என்றது. மத்திய சர்க்கார் அப்பீல் செய்தார்கள். 2021 ஜூலை 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நாரிமனும் கவாயும் சேர்ந்து அளித்த பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, ஒரே ராஜ்யத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அந்தப் பகுதி பொருந்தாது. பல ராஜ்யங்களில் பரவிய சங்கங்களுக்கு மட்டும் பொருந்தும். மூன்றாவது நீதிபதி கே. எம். ஜோசப், பகுதி முழுவதுமே விழ வேண்டும் என்று கருதினார்.

எந்த ராஜ்யமும் ஆட்சேபிக்கவில்லையே என்ற வாதம் அங்கே எழுந்தது. கோர்ட் அதை ஏற்கவில்லை. முறை தவறி அரசியல் சட்டம் திருத்தப்பட்டது என்று ஒரு பிரஜை வந்து சொன்னால் அதை விசாரிப்பது கோர்ட்டின் கடமை என்பதே பதில். நேயர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ராஜ்யங்களின் அதிகாரம் என்பது முதல் மந்திரிகளுக்கும் சட்டசபைக்காரர்களுக்கும் சொந்தமான உடைமையன்று. அவர்கள் பேசாமல் இருந்துவிட்டாலும், சாதாரணப் பிரஜை ஒருவர் அதற்காக வாதாடலாம். திருத்தும் முறையும் பிரஜையின் உரிமைகளில் ஒன்று என்று ஆகிறது.

"நல்ல காரியத்துக்காகச் செய்ததுதானே? முறை சற்றுத் தவறினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தறிக்காரரைக் கேட்டால் அவர் இதற்கு விடை சொல்லிவிடுவார். புடவை உடல் ஒரு நிறமும் முந்தி வேறு நிறமுமாக வேண்டுமானால், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அவசரப்பட்டுப் பாதி இழைகளை விட்டுவிட்டு நெய்தால் முந்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் கையோடு வந்துவிடும். 9-பி பகுதிக்கு நேர்ந்ததும் அதுதான்.

மேலும், இன்று நல்லதற்காகக் குறுக்கு வழியில் போனால், நாளை தீயதற்கும் அதே வழி திறந்திருக்கும். கட்சி மாறும் சட்டசபை அங்கத்தினர்களைப் பற்றிய 1985-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும், கோர்ட்டின் விசாரணையைத் தடுத்த ஒரு பத்தி இதே காரணத்தால் 1992-இல் ரத்தாகியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்கில் மூன்று பங்கு ராஜ்யங்கள் சம்மதித்தாலன்றி எந்தத் திருத்தமும் நிறைவேறாது. அதனால் 1789 முதல் இருபத்தேழு திருத்தங்களே அங்கு ஏற்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் நூறைத் தாண்டிவிட்டன. நம்முடைய முறை அவ்வளவு கடினமானதன்று. அந்த எளிய முறையையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டாமா?

எஞ்சியது என்ன?

பெரிய பகுதி போய்விட்டது. ஆயினும் தறிக்காரர் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 19-ஆம் ஷரத்தில் சேர்ந்த இரண்டு சொற்கள் அப்படியே இருக்கின்றன. 43-பி ஷரத்தும் இருக்கிறது. கூட்டுறவு சங்கம் அமைப்பது இன்றும் அடிப்படை உரிமைதான். ஆனால் அமைத்த சங்கத்தில் எப்போது தேர்தல், குழுவுக்கு எத்தனை ஆண்டு ஆயுள், கலைத்தால் எத்தனை மாதம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இனி டில்லியில் இல்லை. சென்னையில், ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் நிர்வாகக் குழுவின் ஆயுளை ஐந்திலிருந்து மூன்று ஆண்டாகக் குறைக்கும் மசோதாவைத் தமிழ் நாட்டுச் சட்டசபை நிறைவேற்றியது. 9-பி பகுதி நிலைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திராது.

கணக்கைப் பார்க்கும் உரிமையும் அப்படியே. சர்க்காருக்குச் சொந்தமாகவோ, பெரும்பாலும் சர்க்கார் பணத்தைக் கொண்டோ நடைபெறாத கூட்டுறவு சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு நேரடியாக உட்பட்டவை அல்ல என்று 2013 அக்டோபரில் கேரளத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. ஆகையால் அங்கத்தினர் கணக்கைப் பார்க்கும் வழி கூட்டுறவுச் சட்டத்திலேயே ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டியது மிகவும் முக்கியமாகிறது.

அப்படியானால் பிரஜைகள் செய்ய வேண்டியது என்ன? அரசியல் சட்டத்திலிருந்து விழுந்த நல்ல விதிகளை ராஜ்யச் சட்டத்தில் எழுதக் கூடாதென்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தனி அதிகாரி கூடாது, காலந் தவறாத தேர்தல் வேண்டும், தணிக்கை தவறக்கூடாது என்பவற்றைச் சட்டசபை தானாகவே சட்டமாக்கி நிலைநிறுத்தலாம். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிற வேட்பாளரிடம் இதைக் கேட்பதற்கு நெசவாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பால் சங்கத்திலும், வீட்டு வசதி சங்கத்திலும், விவசாயக் கடன் சங்கத்திலும், உத்தியோகஸ்தர்களின் சிக்கன நாணயச் சங்கத்திலும் அங்கத்தினராயுள்ள லட்சக்கணக்கான குடும்பங்களுக்கும் இதே விதிதான். நமது நேயர்களின் வீடுகளிலேயே அப்படிப்பட்ட பாஸ் புத்தகம் ஒன்றாவது பெட்டியில் இருக்கும்.

சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு அறிக்கை வரும்போது நம்மில் எத்தனை பேர் போகிறோம்? வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது எத்தனை பேர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறோம்? கூட்டத்துக்கு ஆள் வராத சங்கத்தில், தேர்தல் நடந்தாலும் நாலு பேர் ராஜ்யந்தான். குஜராத்தில் ஒரு பிரஜை கேட்ட கேள்விக்கு மத்திய சர்க்காரும் சுப்ரீம் கோர்ட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சங்கத்தில் நாம் கேட்கும் கேள்விக்குக் காரியதரிசி பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஐயம்பேட்டைத் தறிக்காரர் 368-ஆம் ஷரத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தம் சங்கத்தில் அடுத்த தேர்தல் எப்போது, சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கை எங்கே என்ற இரண்டு கேள்விகளை அவர் கேட்டால் போதும். அந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்படி சட்டத்தை வைத்திருக்க வேண்டிய பொறுப்பு, சட்டசபைக்கு ஆட்களை அனுப்பும் நம் எல்லோருக்கும் உரியது.